நாற்பத்திரண்டாவது இணைப்பு

ஜனவரி 8, திங்கள்

மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர்களுடைய வாயு மாத்திரைக்கு ஒரு வரி விளம்பரம். எழுதச் சொன்னது கோமதி. "ஆபீஸ்ல யார் என்ன சொன்னாங்கன்னு தினம் என்கிட்ட ஒப்பிக்கிறீங்களே, அதை ஒரு நோட்டுல எழுதுங்க. நான் நிம்மதியா சீரியல் பாப்பேன்" என்றாள். இருபத்தாறு வருடம் கேட்ட காது. சலித்திருக்கும்.

இன்று பொது மேலாளர் ஜெயசீலன் கூப்பிட்டார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் போனில் பேசினார். இதை அவர் ஒரு கலையாகவே பழகி வைத்திருக்கிறார்.

"தில்லை, உங்க புரோகிராமுக்கு ஓய்வு கொடுக்கலாம்னு நிர்வாகம் முடிவு பண்ணியிருக்கு. வெளியில இன்டக்ரேஷன் பிளாட்ஃபார்ம் ரெடிமேடா கிடைக்குது. மூணு கம்பெனி வருது. ஒப்பிட்டுப் பாத்து மார்க் போட்டுக் கொடுங்க."

"நானா சார்?"

"உங்களை விட்டா யாருக்குத் தெரியும், எது எதோட பேசுதுன்னு?"

எங்கள் மருத்துவமனைக்குத் திருச்சியில் தலைமையகம். கரூர், பெரம்பலூர், புதுக்கோட்டையில் கிளைகள். இரத்தப் பரிசோதனைக்கு ஒரு மென்பொருள், மருந்துக்கடைக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று, இப்படி ஒன்பது. வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு ஆட்களின் மைத்துனர்களிடம் வாங்கியவை. ஒன்றுக்கொன்று பேசாது. பதினான்கு வருடங்களாக அவற்றைப் பேச வைத்துக்கொண்டிருப்பது நான் எழுதிய புரோகிராம்கள். நர்ஸுகள் அதற்கு வைத்த பெயர் 'தில்லை சார் மெஷின்'. அதைக் கொல்ல எந்தக் கத்தி நல்லது என்று நானே பார்த்துச் சொல்ல வேண்டும்.

சொல்லலாமே.

ஜனவரி 10, புதன்

ஜெயசீலனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்போது எனக்கு அவன் சீலன். என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து மூன்று வருடம் வந்தவன். இப்போது சார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் கரூர் கிளையில் சர்வர் படுத்து, ஒன்றரை நாள் எதுவும் ஓடவில்லை. மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரிகளை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதியிருந்தேன். தள்ளிப்போட்டது சீலன். விசாரணை அறிக்கை எழுதியதும் சீலன். 'ஆவணப்படுத்தாத மாற்றங்களை தில்லைநாயகம் செய்துவந்ததே காரணம். மனிதக் கவனக்குறைவு.' நல்ல ஆங்கிலம். துறைத் தலைவர் பதவி எனக்கு வரவேண்டிய வருடம் அது. அவனுக்குப் போனது.

பிறகு ஒரு சுற்றறிக்கை விட்டான். ஆவணத்தில் இல்லாத எதுவும் அமைப்பில் இருக்கக் கூடாது. ஆவணத்தில் இல்லாத எதையும் எந்தப் புதிய பட்டியலிலும் சேர்க்கக் கூடாது. கையெழுத்து, தேதி, முத்திரை. அதன் ஒரு பிரதி பிளாஸ்டிக் உறையில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒன்பது வருடமாக.

ஜனவரி 17, புதன்

பொங்கல் விடுமுறை முடிந்தது. கேஸ் சிலிண்டர் வரவில்லை. கோமதி இரண்டு முறை நினைவுபடுத்தினாள்.

மூன்று கம்பெனிகளுக்கும் தர வேண்டிய பட்டியலைத் தயாரித்தேன். எந்த மென்பொருளிலிருந்து எதற்கு எந்தத் தகவல் போகிறது என்ற பட்டியல். ஆய்வகத்திலிருந்து வார்டுக்கு, வார்டிலிருந்து மருந்துக்கடைக்கு, மருந்துக்கடையிலிருந்து பில்லுக்கு. மொத்தம் நாற்பத்தொரு இணைப்புகள். எல்லாம் ஆவணத்தில் உள்ளவை.

நாற்பத்திரண்டாவது ஒன்று உண்டு.

பதினோரு வருடங்களுக்கு முன் சிறுநீரக வார்டிலிருந்து எமல்டா சிஸ்டர் என்னைத் தேடி வந்தார். நெஞ்சுயரம் வருவார், குரல் மட்டும் மூன்று மாடிக்குக் கேட்கும். "சார், பொட்டாசியம் ஏறிப்போன ரிசல்ட்டு கம்ப்யூட்டர்ல வந்து கம்முனு உக்காந்திருக்கு. நான் பதினெட்டு பெட்டு பாப்பேனா, ஸ்கிரீனையே பாத்துட்டு நிப்பேனா? அது என்னைக் கூப்பிட வேணாமா?"

சிறுநீரக நோயாளிக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஒரு அளவுக்கு மேல் போனால் இதயம் நின்றுவிடும். அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல். முறையாக ஓர் எச்சரிக்கை வசதி கேட்டு எழுதினால் குழு கூடி, குழு பிரிந்து, இரண்டு வருடம் ஆகும். நான் ஒரு மத்தியானத்தில் முடித்தேன். பழைய மோடம் ஒன்றில் என் பெயரில் வாங்கிய சிம் கார்டைப் போட்டு என் கம்ப்யூட்டரில் செருகினேன். ஆய்வகத்திலிருந்து ஆபத்தான அளவு வந்தால் அது வார்டு செல்போனுக்கு மிஸ்டு கால் கொடுக்கும். மூன்று முறை அடித்து நிற்கும். எடுக்க வேண்டாம். அடித்தால் போய்த் திரையைப் பார் என்று அர்த்தம்.

எமல்டா அந்த எண்ணை 'மணி' என்று பதிந்துகொண்டார். வார்டுக்கு வரும் ஒவ்வொரு புது நர்ஸுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்: மணி அடிச்சா ஓடு. அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் தவறாமல் எனக்கு ஒரு டப்பா கல்கல் பலகாரம் வருகிறது. போன மாதம் வந்த டப்பா இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது, சுற்றறிக்கைக்குப் பக்கத்தில். கழுவிக் கொடுக்க வேண்டும்.

மணி எந்த ஆவணத்திலும் இல்லை. கரூர் விவகாரத்துக்குப் பிறகு அதைச் சொல்ல எனக்குத் துணிவும் இல்லை, அவசியமும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது.

பட்டியலை நாற்பத்தொன்றோடு முடித்தேன். சுற்றறிக்கைப்படி.

ஜனவரி 25, வியாழன்

பெங்களூர்க் கம்பெனி வந்தது. நான்கு பேர், நான்கு பேருக்கும் ஒரே நிறச் சட்டை. ஒரு மென்பொருளுக்கு ஒன்று என்று முந்நூறு இணைப்பிகள் தயாராக வைத்திருக்கிறார்களாம். நமக்குத் தேவையானது ஒன்பது. அந்த ஒன்பதில் நான்கு அவர்களிடம் இல்லை. "அது எங்க ரோடுமேப்ல இருக்கு சார்." வருங்காலத்தில் நல்லவனாக இருப்பேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

அமெரிக்கக் கம்பெனி. திரையில் வந்தார்கள். பொருள் அருமை. பெறும் பக்கம் செயலிழந்திருந்தால் தகவலை வரிசையில் நிறுத்தி வைத்து, எழுந்ததும் கொடுக்கிறது. என்னுடையது அப்படிச் செய்ய மூன்று வருடம் ஆனது. ஆனால் ஏதாவது பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். இணையதளத்தில் புகாரைப் பதிந்து ஒரு டிக்கெட் போடுங்கள் என்றார்கள். அறுவை அரங்கில் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு டிக்கெட் போட வேண்டும்.

சிலிண்டர் வந்துவிட்டது.

பிப்ரவரி 9, வெள்ளி

புனேக் கம்பெனி. பேசிய இன்ஜினியர் நாமக்கல் பையன், மகிழ்நன். வயது முப்பது இருக்கும். மற்றவர்கள் சிலைடு காட்டினார்கள். இவன் நம் ஆய்வகத்திலிருந்து ஒரு மாதிரித் தகவலை எடுத்து, அது போகும் வழியைக் கண்ணெதிரே காட்டினான். எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, யார் எப்போது எந்த விதியை மாற்றினார், எல்லாம் பதிவாகிறது. யாரும் அழிக்க முடியாது.

"அட்மின் நெனச்சா கூட?" என்றேன்.

"கடவுள் நெனச்சா கூட முடியாது சார்" என்றான். சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டான். பட்டியலில் இருப்பதைச் சொன்னேன்.

பிப்ரவரி 14, புதன்

மதிப்பெண் போட்டேன். தயார் இணைப்பிகள், வரிசையில் நிறுத்தும் திறன், பிழையைக் கண்டுபிடிக்கும் வசதி, மாற்றங்களின் பதிவு, உதவிக்கு ஆள், கற்றுக்கொள்ளும் எளிமை. நூற்றுக்கு: பெங்களூர் 58, அமெரிக்கா 77, புனே 84. மாற்றங்களின் பதிவுக்குப் புனேவுக்குப் பத்துக்குப் பத்து. 'எதையும் மறைக்க இயலாதது இதன் தனிச்சிறப்பு' என்று குறிப்பும் எழுதினேன்.

நேர்மையான ஒப்பீடு. என் தொழிலில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சொன்னவன் ஒருவன்தான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

புனே முடிவானது. ஜெயசீலன் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். 'என் தலைமையில் நடந்த ஒப்பீடு.'

கோமதியிடம் சொன்னேன். "உங்க பேரு?" என்றாள். "கடைசி வரியில ஒத்துழைப்புன்னு இருக்கு" என்றேன். டைரியில எழுதுங்க என்றாள்.

மார்ச் 11, திங்கள்

சோதனை ஓட்டம். நாற்பத்தொன்றும் ஓடுகின்றன. என்னுடையதைவிட வேகமாக.

லிஃப்டில் எமல்டா. "புது மெஷின் வருதாமே சார். நம்ம மணி இருக்குமுல்ல?"

"எல்லாம் இருக்கும் சிஸ்டர்."

"டப்பா எங்க? அடுத்த கிறிஸ்துமஸுக்கு இலையிலதான் கட்டித் தரணும்."

"கொடுத்துடறேன்."

எல்லாம் இருக்கும் என்று ஏன் சொன்னேன்? லிஃப்டில் ஆட்கள் இருந்தார்கள். விளக்க முடியாது.

நான் நினைப்பது இதுதான். மணி அடிக்காவிட்டால் எமல்டா சும்மா இருக்க மாட்டார். அந்தக் குரலோடு நேரே ஜெயசீலன் அறைக்குப் போவார். அவர் மகிழ்நனைக் கேட்பார். மகிழ்நன் பட்டியலைக் காட்டுவான். பட்டியலில் இல்லை. அப்போது ஜெயசீலன் இறங்கி வருவார், என் மேசைக்கு, நின்றுகொண்டு. நான் பிளாஸ்டிக் உறையை எடுப்பேன். சார், ஆவணத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாதென்று நீங்கள்தானே எழுதினீர்கள்? அவ்வளவுதான். பிறகு பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவேன். ஓரிரு நாள். அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது. வார்டில் திரை இருக்கிறது, டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருகிறார்கள், மணி அடிப்பதே வாரத்துக்கு இரண்டு மூன்று முறைதான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் புதியதற்கு மாறினோம். கேக் வெட்டினார்கள். என் கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னார் ஜெயசீலன். "உங்க கையாலயே அணைங்க தில்லை, போட்டோ எடுக்கட்டும்."

அணைத்தேன். மோடத்தின் பச்சை விளக்கு நான்கு விநாடி கழித்துத்தான் அணைந்தது. சிம்மை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

எமல்டா சிஸ்டர் இன்டர்காமில் இரண்டு முறை. எடுக்கவில்லை. மேலே போகட்டும்.

ஏப்ரல் 10, புதன்

மறுபடியும். பக்கத்து மேசை சுந்தரவல்லி எடுத்து, "சார், எமல்டா சிஸ்டர். ஏதோ மணிங்கறாங்க" என்றாள். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். ஜெயசீலனிடம் போவதற்கு இவருக்கு என்ன தயக்கம்? எல்லாவற்றுக்கும் என்னிடமே வந்து பழக்கம்.

கோமதிக்கு முழங்கால் வலி. எண்ணெய் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 11, வியாழன்

சிறுநீரக வார்டில் ஒருவர் இறந்துவிட்டார்.

ஏப்ரல் 12, வெள்ளி

பெயர் சின்னதுரை. நாற்பத்து மூன்று வயது. முசிறிப் பக்கம், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நேற்றுக் காலை ஒன்பதுக்கு இரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 7.3. பத்து இருபதுக்கு ரிசல்ட் வார்டுத் திரைக்கு வந்துவிட்டது. புதிய பிளாட்ஃபார்ம் அதை மூன்று விநாடியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. பன்னிரண்டு ஐம்பது வரை யாரும் பார்க்கவில்லை. பிறகு பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

அந்த இரண்டரை மணி நேரம் பதினெட்டு படுக்கைக்கும் எமல்டா ஒருவர்தான். கூட இருந்த நர்ஸை அறுவை அரங்குக்கு இழுத்துக்கொண்டார்கள்.

சின்னதுரையின் மனைவி கீழே வரவேற்பில் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. "காலையில இட்லி சாப்ட்டாரே, ரெண்டு இட்லி சாப்ட்டாரே" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். என்னிடமும் சொன்னார். தலையாட்டினேன்.

ஏப்ரல் 13, சனி

எமல்டா தற்காலிக நீக்கம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். கோமதி வேப்பம்பூப் பச்சடி செய்திருந்தாள். "ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றாள். வேலை என்றேன். "எழுதுறீங்களா?" என்றாள். எழுதுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 15, திங்கள்

நான் எதிர்பார்த்தபடியே ஜெயசீலன் என் மேசைக்கு வந்தார். நின்றுகொண்டுதான் பேசினார். ஆனால் என் தோளில் கை வைத்திருந்தார்.

"தில்லை, மூலக் காரண அறிக்கை ஒண்ணு வேணும். நிர்வாகம் கேக்குது, அந்தக் குடும்பம் வக்கீலைப் பாத்திருக்காங்க. சிஸ்டம்ல தப்பா, ஆள் தப்பான்னு தெளிவா சொல்லணும். நீங்க எழுதுனா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"எமல்டா என்ன சொல்றாங்க?"

"ஏதோ மணி அடிக்கும், அடிக்கலைன்னு சொல்றாங்க. என்ன மணி? பட்டியல்ல அப்படி ஒண்ணு இல்லையே. இருக்கா?"

என் இழுப்பறை அவருடைய முழங்காலுக்கு நேரே இருந்தது. உறையை எடுக்க இரண்டு விநாடி போதும்.

"பாத்துச் சொல்றேன் சார்" என்றேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

அறிக்கையை இரண்டு விதமாக எழுதலாம்.

ஒன்று: பதினோரு வருடம் ஓடிய எச்சரிக்கை ஒன்று புதிய அமைப்பில் விடுபட்டது. விடுபடக் காரணம் பொது மேலாளரின் சுற்றறிக்கை. இணைப்பு: சுற்றறிக்கை. ஒன்பது வருடம் காத்திருந்தது இதற்குத்தான். காலையில் இதை எழுதத் தொடங்கினேன். நன்றாக வந்தது. பிறகு ஆதாரங்களுக்காகப் பிப்ரவரி 9 கூட்டத்தின் பதிவைத் திறந்தேன். புனேக்காரர்கள் எல்லாக் கூட்டத்தையும் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களுடைய எல்லாமே அப்படித்தான்.

நாற்பத்து மூன்றாவது நிமிடம். மகிழ்நன் கேட்கிறான்: "சார், பழைய சிஸ்டத்துல பட்டியலுக்கு வெளியில ஏதாவது இருக்கா? அலர்ட்டு, மெசேஜ், யாருக்காவது போன் போற மாதிரி? ஆஸ்பத்திரின்னா கட்டாயம் ஒண்ணு இருக்கும். சொன்னீங்கன்னா இதுல பத்து நிமிஷ வேலை."

திரையில் என் முகம். பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறேன்.

"இல்லை" என்கிறேன். பிறகு, யாரும் கேட்காமலே, "ஒண்ணும் இல்லை."

ஜெயசீலன் கையெழுத்திட்ட சுற்றறிக்கையை நான் எடுத்தால் இந்தப் பதிவை யாராவது எடுப்பார்கள்.

ஏப்ரல் 17, புதன்

எமல்டா வந்திருந்தார். சீருடை இல்லாமல் பார்த்ததில்லை. ஊதாப்பூப் போட்ட சேலை. பார்க்கிங்கில் என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உள்ளே விடவில்லையாம்.

"சார், மணி ஏன் சார் அடிக்கல?"

"புது சிஸ்டத்துல அது வரல சிஸ்டர்."

"எல்லாம் இருக்கும்னீங்களே."

நான் வண்டிச் சாவியைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

"நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல சார்" என்றார். குரல் பக்கத்து வண்டியைத் தாண்டியிருக்காது. "நான் ஸ்கிரீனைப் பாத்திருக்கணும். பாக்கல. அது என் பாவம், அதை நான் சாமிகிட்ட பேசிக்கிறேன். ஆனா மணின்னு ஒண்ணு இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க. இல்லைன்னா நான் பொய் சொல்றேன்னு ஆயிடும். இருபத்தி நாலு வருஷ சர்வீஸு சார். லைசென்ஸைப் பிடுங்கிட்டா நான் எங்க போவேன்? உங்களுக்கும் எனக்கும்தான் முழுக்கத் தெரியும் அந்த விஷயம்."

"மத்த நர்ஸுங்க?"

"அவங்களுக்கு மணின்னா ஒரு போன் நம்பர். யாரு நம்பருன்னு தெரியாது. நான் சொல்லல. உங்களுக்குத் தொந்தரவு வந்துடுமேன்னு இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்கும் சொல்லல."

பார்க்கிறேன் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 18, வியாழன்

எழுதவில்லை. கோமதிக்கு எண்ணெய் வாங்கினேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

மணி இருந்தது என்று மட்டும் எழுதி, மற்றதை விட்டுவிட முடியுமா என்று யோசித்தேன். இருந்தது என்றால் யார் வைத்தது? ஏன் பட்டியலில் இல்லை? பட்டியல் யாருடையது? மகிழ்நன் கேட்டாரே, ஏன் இல்லை என்றீர்கள்? ஒரு நூலை இழுத்தால் என் சட்டை முழுவதும் வந்துவிடும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு சட்டை இல்லை.

ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

ஏப்ரல் 22, திங்கள்

எமல்டாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் திரையைப் பார்த்திருக்க வேண்டும். அவரே ஒப்புக்கொண்டார். வார்டு விதிமுறையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை முடிவுகளைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நான் தேடி எடுத்தேன். எட்டாம் பக்கம். என் மணியை நம்பி விதிமுறையை விட்டது யாருடைய தவறு? ஆவணத்தில் இல்லாத ஒன்றை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் இல்லை.

படித்துப் பார்த்தேன். சீலன் எழுதிய மாதிரியே இருக்கிறது.

ஏப்ரல் 23, செவ்வாய்

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன்.

அறிக்கை என்ன வடிவில் இருக்க வேண்டும் என்று தெரியாமல் பழைய கோப்பிலிருந்து ஒன்றைத் திறந்தேன். கரூர் அறிக்கை. தலைப்புகள் ஒழுங்காக இருந்தன: நிகழ்வு, கால வரிசை, அமைப்பின் நிலை, மூலக் காரணம், பரிந்துரை. பெயரையும் தேதியையும் மாற்றினேன். நடுப்பகுதியைப் புதிதாக எழுதினேன். மூலக் காரணத்துக்குக் கீழே இருந்த 'மனிதக் கவனக்குறைவு' என்பதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. மணி குறித்துப் பணியாளர் கூறுவதற்கு ஆவண ஆதாரம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். அது உண்மை.

ஜெயசீலன் நின்றபடியே படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க தில்லை" என்றார். அடையாளம் தெரிந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. தான் எழுதியது அவருக்கு நினைவில்லை. ஒன்பது வருடம் அதை வரி வரியாக மனப்பாடமாக வைத்திருந்தது நான் மட்டும்தான்.

ஏப்ரல் 29, திங்கள்

எமல்டா பணிநீக்கம். நர்ஸிங் கவுன்சிலுக்குக் கடிதம் போயிருக்கிறது.

வார்டில் அவருடைய பொருள்களைக் கட்டி அனுப்புகிறார்கள். சேர்க்க வேண்டியது ஏதும் உண்டா என்று அட்டெண்டர் முனியாண்டி கேட்டான். டப்பாவைக் கொடுத்தேன். "கழுவலையே சார்" என்றான். மூலையில் கல்கல் தூள் ஒட்டியிருந்தது. அப்படியே கொண்டு போ என்றேன்.

மே 3, வெள்ளி

நிர்வாகம் அறிக்கையின் பரிந்துரையை ஏற்றது. எச்சரிக்கை வசதி ஒன்று வைக்க வேண்டும். பரிந்துரைத்தவன் நான். என்னையே 'ஒருங்கிணைப்புத் தலைவர்' ஆக்கியிருக்கிறார்கள். ஒன்பது வருடம் தாமதமாக. கோமதி கேசரி செய்தாள்.

மே 6, திங்கள்

மகிழ்நன் சொன்னது சரி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பெட்டியை இழுத்து வைத்து, அளவைக் கொடுத்து, வார்டு எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. சேமிக்கும் முன் இந்த விதியைக் கோரியவர் யார் என்று கேட்டது. காலியாக விட்டால் ஏற்கவில்லை. என் பெயரை அடித்தேன். ஏற்றுக்கொண்டது. இனி யாராலும் அழிக்க முடியாது.

சோதனைக்கு அடித்துப் பார்த்தேன். புது நர்ஸ் ஒருத்தி எடுத்தாள். "சார், நல்லா இருக்கே. இது முன்னாடியே இருந்துச்சா?"

"இல்லம்மா" என்றேன். "புதுசு."

மே 8, புதன்

பர்ஸில் சிம் கிடந்தது. என் பெயரில் இருப்பது. வைத்திருக்க வேண்டாம், இணைப்பை ரத்து செய்துவிடலாம் என்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பழைய செல்போன் ஒன்றில் போட்டேன்.

போட்டதும் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. போன் அணைந்திருந்தபோது அழைத்தவர்களின் பட்டியல். சிம் கம்பெனிக்காரன் தானாக அனுப்புவது.

வார்டு எண்ணிலிருந்து: ஏப்ரல் 8, மாலை 4.20. ஏப்ரல் 9, காலை 9.40. அன்றே 11.15. ஏப்ரல் 10, காலை 8.05, 10.30, மத்தியானம் 2.10.

மணி அடிக்கிறதா என்று அவர் மணிக்கே அடித்துப் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்ட நேரங்களுக்கு முன்னும் பின்னும். ஆறு முறை. உரிய கவனம் செலுத்தவில்லை என்று நான் எழுதியிருக்கிறேன், பக்கம் மூன்று.

அதற்குப் பிறகு வந்தவை அவருடைய சொந்த எண்ணிலிருந்து. ஏப்ரல் 18லிருந்து தினம் ஒன்று. என் எண் அவரிடம் இருக்கிறது. அதற்கு ஒரு முறைகூட அழைக்கவில்லை. இதற்குத்தான்.

படித்துக்கொண்டிருக்கும்போதே கையில் அடித்தது. அதே எண். எடுக்கவில்லை. மூன்று முறை அடித்து நின்றது.

போய்ப் பார் என்று அர்த்தம். சாப்பாட்டு அறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுந்தரவல்லி, "யாரு சார்?" என்றாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னொரு முறை அடித்தால் எடுத்துவிடலாம் என்று.

நான்காவது முறை அடிக்காது. அதை அப்படி எழுதியவன் நான்தான்.